சாக்ஸ் போட்ட அத்திமரம்

மரத்துக்குச் சாக்ஸ் மாட்டிவிட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கீழக்கரையில் எனக்கு எதிர்வீட்டுக்காரராக இருந்தார். அவருடைய நிஜப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணனை அந்த ஊரில் காக்கா என்பார்கள்; அத்தி காக்கா என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் நேராக அவர் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

நான் அப்போது வேலை காரணமாக அங்கே ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். குடும்பம் பரமக்குடியில். காக்காவுக்கோ பெரிய வீடு, ஆனால் ஆள் அவர் ஒருவர்தான். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகித் துபாயில் இருந்தாள். பேச ஆளில்லாத இரண்டு பேர் எதிரெதிர் வாசலில் இருந்தால் சிநேகமாகாமல் என்ன செய்வார்கள்?

காக்கா சவுதியில் ஒரு பங்களாவில் டிரைவராக இருந்தவர். லீவில் வரும்போதெல்லாம் கயிற்றில் கோத்த உலர்ந்த அத்திப்பழம் வாங்கி வருவார். "மரத்துல இருக்கையில இது எப்படி வாப்பா இருக்கும்?" என்று சின்ன வயதில் மகள் கேட்டிருக்கிறாள். பழுத்த அத்தி பயணம் தாங்காது. அதனால் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, அந்தப் பங்களாவில் நின்ற அத்திமரத்தின் குச்சியொன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொல்லையில் ஊன்றினார். அது தலையெடுக்கும்போதெல்லாம் ஆடு வந்து தின்றது. மரமாகிக் காய்ப்பதற்குள் மகள் துபாய் போய்விட்டாள்.

கிணற்றுத் தண்ணீர் உப்பு. லாரியில் வரும் நல்ல தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டு, உப்புத் தண்ணீரில் டீ போட்டுக் குடிப்பார். வந்தவர்களுக்கும் அதையே கொடுப்பார். அவர் வீட்டுக்கு யாரும் வராமல் போனதற்கு அந்த டீயும் ஒரு காரணம்.

மரம் முதன்முதலாகக் காய்த்த வருஷம், அணிலுக்கும் காக்கைக்கும் பயந்து, தேய்ந்த சாக்ஸ்களை ஒவ்வொரு காய்க்கும் மாட்டினார். தன்னுடையது போதாமல் என்னுடையதையும் வாங்கிக்கொண்டு போனார். நான் வெறுங்காலில் ஷூ போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். தினமும் வீடியோ காலில் மகளுக்கு ஒவ்வொரு சாக்ஸாகக் காட்டுவார். "உங்க மூஞ்சியக் காட்டுங்க வாப்பா" என்று அவள் கெஞ்சுவாள். காக்கா அடுத்த கிளைக்குப் போய்விடுவார்.

துபாயிலேயே நல்ல அத்திப்பழம் கிடைக்குமே என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மகள் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னாள். அதற்குள் காய் பழுக்காது போலிருந்தது. பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கலாமே என்றேன். இதென்ன மாங்காயா, பறித்தால் அதோடு சரி, மரத்தில்தான் கனிய வேண்டும் என்று எரிந்து விழுந்தார். பிறகு பங்களாத் தோட்டக்காரனிடம் கற்ற வித்தையைக் கையிலெடுத்தார். தீக்குச்சியை நல்லெண்ணெயில் தொட்டு, ஒவ்வொரு காயின் அடிக்கண்ணிலும் வைத்தார். அப்படிச் செய்தால் சீக்கிரம் பழுக்குமாம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. "பழுக்கப் போற காயெல்லாம் கழுத்தத் தொங்கப் போட ஆரம்பிச்சிருச்சு தம்பி. இந்நேரத்துல விட்டுட்டு வர ஏலாது" என்று கல்யாண வீட்டுக்கு என்னிடமே சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை, சொல்லிவைத்த மாதிரி அத்தனையும் கனிந்தன. மகள் வரவில்லை. லீவு தள்ளிப்போய்விட்டது என்று காலையில்தான் போன் வந்திருக்கிறது.

சாயங்காலம் தட்டு நிறையப் பழத்தோடு என் அறைக்கு வந்தார். "நாளைக்கு வச்சிருந்தா புளிச்சுரும். நீ சாப்பிடு, நான் இங்கன உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

ஒன்றைப் பிட்டேன். உள்ளே சிவப்பாக, தேனாகக் கசிந்தது. அவரையும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"எனக்குச் சுகரு. டாக்டர் திட்டுவாரு. ருசி எப்படின்னு நீ சொல்லு தம்பி. மக கேட்டா நான் சொல்லணும்ல."

சொன்னேன். ஒவ்வொரு பழத்தையும் தின்றுவிட்டு ஒவ்வொரு விதமாகச் சொன்னேன். அவர் தலையாட்டி மனப்பாடம் செய்துகொண்டார். தட்டு காலியானால் எழுந்து அந்தப் பெரிய வீட்டுக்குப் போய்விடுவாரே என்று, கடைசிப் பழத்தை மட்டும் ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.