கண்ணைக் கட்டினால் ஆளைச் சொல்வேன்

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் நான்தான் ஜெயிக்க வேண்டும் என்று சபதம் செய்தேன். மனசுக்குள் செய்தேன். வாய்விட்டுச் செய்தால் என் வீட்டுக்காரி இசபெல் காதில் விழுந்துவிடும். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். எனக்குத்தான் கேட்காது.

இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வெளியே விடாதீர்கள்.

நான் மரியான், கடியப்பட்டணத்துக்காரன். கோயில் பேண்டில் கிளாரினெட் பழகி, உல்லாசக் கப்பல்களில் ஜாஸ் ஊதி, ஓய்ந்து ஊர் வந்தவன். என்னைப் போலக் கப்பலில் வாசித்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. குழித்துறை ஆன்ட்ரூஸ், டிரம்பெட். மார்த்தாண்டம் கோலப்பன், சாக்ஸபோன். பக்கத்து வீட்டு ஆன்றோ, டிரம். டிசம்பர் வந்தால் யார் வீட்டிலாவது கூடி ‘கண்கட்டு’ வைப்போம். ஒருவன் கண்ணைத் துவர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டி, கப்பல் காலத்து ரெக்கார்டிங்குகளை ஒவ்வொன்றாகப் போடுவோம். ஊதுவது யாரென்று அவன் சொல்ல வேண்டும்.

ஜாஸில் எல்லோரும் ஒரே மெட்டில்தான் கிளம்புவோம். நடுவில் அவரவர் மனம்போலச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவோம். அந்தச் சுற்றலில் ஆள் மாட்டிக்கொள்வான். ஆன்ட்ரூஸ் எதையும் கொஞ்சம் பிந்தித்தான் தொடங்குவான். தன் கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்தான். கோலப்பன் கடைசிச் சுரத்தில் மூச்சை ஒழுக விடுவான். நான் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. ஊரில் எனக்கிருந்த மரியாதையெல்லாம் இந்த இரண்டு காதுக்குத்தான். வீட்டில் அதுகளுக்கும் மரியாதை கிடையாது.

காதை விட்டு முதலில் போனது கிளாரினெட். அப்புறம் டிரம்பெட். இப்போது டிரம் மட்டும் எங்கோ தூரத்தில் மழை வருகிற மாதிரி கேட்கிறது. ஒரு மத்தியானம் இசபெல் மீன் வாங்கப் போயிருந்தபோது என் கிளாரினெட்டை எடுத்து ஊதிப் பார்த்தேன். விரல் ஓடியது. மூச்சு போனது. என்னிடம் ஒன்றுமே வந்து சேரவில்லை. பெட்டியில் வைத்து மூடிவிட்டு அழுதேன்.

“இன்னா பாருங்க, நாரோயில்ல காது டாக்டரு ஒருத்தரு இருக்காராம். போவமா?” என்பாள் இசபெல்.

“எனக்க காதுக்கு என்ன கேடு?”

“இதயே மூணாவது தடவயா கேக்கேன்.”

“மொத ரெண்டு தடவயும் பதில் சொல்ல மனசில்ல.”

டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் அது முடிந்த கதை. அதுவரைக்கும் வெறும் சந்தேகம்தானே, அதோடு காலத்தை ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன்.

இசபெல்லின் தொண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘சோறு திங்க வாங்க’ என்பதையே கட்டுமரத்தில் இருப்பவனும் எழுந்து வருகிற மாதிரிதான் சொல்வாள். தெருவில் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். பாவம் மரியான், வாயில்லாப் பூச்சி. அந்தப் பரிதாபத்தை நானும் வேண்டாமென்று சொன்னதில்லை.

இந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. அதனால் ஆன்றோவைக் கொல்லைச் சுவரோரம் கூப்பிட்டு, திட்டத்தைக் காதோடு காதாகச் சொன்னேன்.

“மக்கா, கண்ணக் கட்டுனப்பொறவு நீ எனக்க பொறத்தால இரி. முதுகுல தட்டு. ஒண்ணுன்னா ஆன்ட்ரூஸ். ரெண்டுன்னா கோலப்பன். மூணுன்னா நான்.”

“எதுக்குண்ணே இதெல்லாம்?” என்று என் காதில் வாயை வைத்துக் கேட்டான்.

“ஒரு தைரியத்துக்குத்தான்.”

“இசபெல் அக்கா அறிஞ்சா?”

“அவ எப்பிடி அறிவா? ரகசியமால்லா பேசுதேன்.”

ஆன்றோ என்னை ஒரு மாதிரி பார்த்தான். பின்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கண்கட்டு நாள். வீட்டுக்காரன்தான் முதலில். பாட்டுப் போடுகிற போனை இசபெல் எடுத்துக்கொண்டாள். துவர்த்தையும் அவளே கட்டினாள். இருட்டு.

காத்திருந்தேன். டிரம்கூடக் கேட்கவில்லை. நேற்று வரைக்கும் கேட்ட டிரம். அதுவும் போய்விட்டதா? மாதாவே, அதையாவது விட்டுவைத்திருக்கலாமே என்று நினைத்தேன். முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

“ஆன்ட்ரூஸ்,” என்றேன். “ஏலே, இந்தத் தொடக்கத்தப் பாரு. பஸ்ஸு போனப்பொறவு ஓடுதவன்லா இவன்.”

யாரும் சிரித்த மாதிரி தெரியவில்லை. கேட்டால்தானே தெரியும். இரண்டு தட்டு.

“கோலப்பன். மூச்சு ஒழுகுது பாரு. வாஷர் போன பைப்பு கணக்கா.”

மூன்று தட்டு. என் வாசிப்பை ஒருவன் முதுகில் தட்டித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் விடவில்லை. “இது நான். இந்த எறக்கம் வேற எவனுக்கும் வராது. கேளுங்க மக்கா, நல்லாக் கேளுங்க,” என்று கையை ஆட்டித் தாளம்கூடப் போட்டேன்.

துவர்த்து அவிழ்ந்தது.

ஸ்பீக்கர் பெட்டி உறையோடு அலமாரி மேலேயே இருந்தது. இசபெல் கையில் போன் அணைந்து கிடந்தது. கோலப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்ட்ரூஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான், அதுவும் பிந்தித்தான்.

“பாட்டு எங்கட்டி?” என்றேன்.

“போடவே இல்ல,” என்றாள் உரக்க.

ஆன்றோ குனிந்து என் காதருகே கத்தினான். “ஒங்களுக்க ரகசியம் கோயிலு வர கேட்டுதுண்ணே. அக்காதான் தட்டச் சொன்னா.”

“தெருவே என்னைய வாயாடிங்குது,” என்றாள் இசபெல். “புருசன மெரட்டுதவளாம். ஒங்களுக்குக் கேக்கணுமேன்னுதான் இத்தன காலமும் தொண்ட கிழியக் கத்துதேன். நீங்க அதயும் ஊரு முன்னால பாவமா மூஞ்சிய வச்சிட்டு கேட்டுட்டு இருந்திய. இது கேக்குதா?”

கேட்டது. ஒரு சொல் விடாமல் கேட்டது. அவள் குரல் கரகரவென்று உடைந்திருந்தது. அது எனக்காகக் கத்திக் கத்தி உடைந்தது என்பதுகூடத் தெரியாமல், சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது.

இசபெல் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மெதுவான குரலில் ஏதோ சொன்னாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. என்னமோ ஆறுதல் சொல்கிறாள் என்று உருகிப்போய்ப் பலமாகத் தலையாட்டினேன்.

எதற்குத் தலையாட்டினேன் என்பது, மறுநாள் காலை நாகர்கோவிலில் டாக்டர் என் காதுக்குள் விளக்கடித்தபோதுதான் தெரிந்தது.