மூன்று சைபர் அதிகம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதுவது. இங்கே நான் நலம், என் மனைவி கோபம். அங்கே போனை எடுக்காவிட்டாலும் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று என் மனைவி தங்களைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியதற்கும், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு யாரும் வரமாட்டோம் என்று தாங்கள் சொல்லிவிட்டதற்கும் காரணம் நான்தான். கல்யாண வரவேற்பு வீடியோவில் சத்தம் உதட்டசைவுக்குக் கொஞ்சம் முந்தி வந்தது. "நூத்தி இருபது மில்லிசெகண்ட் பின்னாடி தள்ளுங்கப்பா, போதும்" என்றாள் மகள். கம்ப்யூட்டரில் எண்ணைப் போட ஒரு கட்டம் இருந்தது, என்ன அலகு என்று போட்டிருக்கவில்லை. இத்தனை நுணுக்கமான சமாச்சாரத்தை மைக்ரோசெகண்டில்தான் கேட்பார்கள் என்று நானாக முடிவு கட்டினேன். ஒரு மில்லிசெகண்டுக்கு ஆயிரம் மைக்ரோசெகண்ட், ஆகவே நூற்றிருபதுக்குப் பின்னால் மூன்று சைபர். கணக்கு சுத்தம். கட்டம் கேட்டதோ மில்லிசெகண்டைத்தான். சத்தம் முழுசாக இரண்டு நிமிடம் பின்தங்கிவிட்டது. எடை அளவு ஆய்வாளராக இருந்து கடைக்காரர்களின் படிக்கற்களை உருட்டி உருட்டிப் பார்த்து உயிரை வாங்கிய மகானுபாவன், சொந்த வீடியோவை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் இரண்டு குடும்பத்துக்கும் அனுப்பிவைத்தேன்.

என் மனைவி வீடியோவில் நேரே என் பேச்சுக்குத் தாவிவிட்டாள். நான் மேடையில் தராசையும் இல்லறத்தையும் ஒப்பிட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். படமெடுத்த போனோ சாப்பாட்டு மேசைமேல் தங்களையும் அவளையும் பார்த்தபடி இருந்தது. நான் படத்திலேயே இல்லாததால் சத்தம் தாமதம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு கிசுகிசுப்பு: "இவரை யாராவது உட்கார வைங்களேன்!" அந்த நேரம் பார்த்துத் தங்கள் உதடு அசைந்தது. தாங்கள் உப்பு கேட்டிருக்கலாம். "என் புருஷன் பேசுறப்ப இப்படியா சொல்வாரு?" என்று பொங்கிவிட்டாள். எனக்காக அவள் யாரிடமும் சண்டைக்குப் போனதே இல்லை. மறைப்பானேன், எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

இன்று காலை மகள் போன் செய்தாள். "அப்பா, வீடியோல உங்க மாப்பிள்ளை தண்ணி குடிச்சுக்கிட்டே நன்றி சொல்றாரு!" அப்போதுதான் உறைத்தது. தாங்கள் குற்றமற்றவர். என் மனைவியிடம் இன்னும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். சரிசெய்த வீடியோவை எல்லோர் முன்னிலையிலும் போட்டுக்காட்டித் தங்கள் பெயரை மீட்டுத் தருகிறேன்.

பிள்ளைகள் இருவருக்கும் என் ஆசி. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் பொறுமையை மேடையிலும் கடிதத்திலும் சோதித்த
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் சரிசெய்த வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு சொல்லும் அதனதன் உதட்டில் இருக்கிறது. அந்த "உட்கார வைங்களேன்" இருப்பது என் மனைவியின் உதட்டில். சொன்னது அவளுக்கே நினைவில்லை போலும். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். பழைய வீடியோவே இருந்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து, சொன்னது தாங்கள்தான் என்று அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட முடியுமா? எனக்காக அவள் போட்ட ஒரே சண்டை அது.