கல்லுக்கு நெயில் பாலிஷ் போட்ட துரை

கொடைக்கானல் பஜாரில் நெயில் பாலிஷ் வியாபாரத்தைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்தியவர் கல்யாணப் பெண்ணும் இல்லை, காலேஜ் பெண்ணும் இல்லை. ஆறடி உயரமும் நரைத்த தாடியும் முழங்கால் வரை சேறுமாகத் திரிந்த ஒரு ஜெர்மன்காரர். அவருடைய நிஜப் பெயரை எங்களில் யாரும் முழுசாக உச்சரித்து முடித்ததில்லை. ஊருக்கு அவர் நெயில் பாலிஷ் துரை.

ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்ன ஊர் மியூசியத்துக்கு ஆயுசு முழுக்க அவர்தான் பொறுப்பாளர். தொல்பொருள் தோண்டுகிறவர்தான், ஆனால் தன் ஜில்லா எல்லையைத் தாண்டி ஒரு குழிகூடத் தோண்டியதில்லை. ரிட்டயர் ஆனதும் பேரன் பேத்தியைக் கொஞ்சாமல் பழனி மலைக்கு வந்துவிட்டார். நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த குட்டி மியூசியத்தில், பானை ஓடுகளை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று சம்பளமில்லாமல் ஒட்டிக்கொண்டார். ஏன் வந்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவர் செய்த எதுவுமே எனக்கு உடனே புரிந்ததில்லை.

வந்த வாரமே பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் பாயிடம் போய் கலர் இல்லாத நெயில் பாலிஷ் கேட்டார்.

"வீட்டம்மாவுக்குங்களா துரை?"

"இல்லை ஐயா. பானைகளுக்கு."

தமிழைப் புத்தகத்தில் படித்தவர். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் மேடைப் பேச்சு மாதிரிதான் இருக்கும். பாய் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். பானை ஓட்டைத் துடைத்து, ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்து, அது காய்ந்ததும் மேலே கறுப்பு மையில் எறும்பு எழுத்தில் நம்பர் போடுவார். அதன்மேல் இன்னொரு பூச்சு. அப்படிப் போட்டால் நம்பரும் அழியாதாம், ஓடும் கெடாதாம். நம்பர் விழுந்த பொருள் மியூசியத்தை விட்டு வெளியே போகவே கூடாது. ஒருநாள் நான் தயிர் கொண்டுபோன மண்சட்டியைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்துவிட்டு வந்தேன். திரும்பிப் போனால் சட்டி கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம்பரோடு!

"துரை, அது என் சட்டிங்க!"

"இருக்கலாம். ஆயினும் எண் இட்டாயிற்று."

வீட்டில் சட்டி எங்கே என்றாள் என் மனைவி. மியூசியத்தில் இருக்கிறது, வந்தால் டிக்கெட் இல்லாமல் காட்டுகிறேன் என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குக் குழம்பு ஊற்ற ஆளில்லை.

அதே பாய்க்கு ஆடலூரில் காப்பித் தோட்டம் உண்டு. தோட்டத்து மேட்டில் ஒரு கல்திட்டை. பலகைக் கற்களைச் சுற்றி நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி மாதிரி வைத்த ஆதிகாலத்துச் சமாதி. ஊர்க்காரர்கள் குள்ளர் வீடு என்பார்கள். துரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய் அதன் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார். பாய்க்கோ அந்த மேட்டில் கல்லைத் தட்டிவிட்டுக் களம் போட வேண்டும்.

"துரை, என் காப்பிக்கொட்டை ரோட்டுல காயுதுங்க. குள்ளருக்கு வீடு எதுக்கு? அவரு காலி பண்ணி எம்புட்டுக் காலம் ஆச்சு!" என்று சொல்லி, ஜேசிபிக்கும் சொல்லிவிட்டார்.

துரை கெஞ்சிப் பார்த்தார். பாய் மசியவில்லை. ஜேசிபி வருவதற்கு முதல்நாள் சாயங்காலம் துரை என்னை இழுத்துக்கொண்டு ஆடலூர் போனார். ஜீப்பில்தான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் ஜில்லாவிலும் இதேபோல ஒரு கல் வீட்டை ரோடு போட உடைத்துவிட்டார்களாம். இவர் போய்ச் சேரும்போது வெறும் கற்குவியல். எந்தக் கல் எங்கே நின்றது என்று தெரியாததால் திரும்ப நிறுத்தவும் முடியவில்லை.

"அன்று நான் தாமதமாகச் சென்றேன்" என்றார். இந்தக் கல் வீடுகளைத் தேடித்தான் எங்கள் மலைக்கு வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாய் கடையிலேயே வாங்கிய ரத்தச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒவ்வொரு கல்லுக்கும் கொட்டை எழுத்தில் நம்பர் போட்டு வட்டம் போட்டார். உடைத்தாலும் மறுபடி அடுக்கலாம் என்பது கணக்கு. பாட்டிலை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வட்டத்தையும் அவர் ஊதி ஊதிக் காயவைத்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

மறுநாள் வெள்ளனே ஜேசிபி வந்தது. பார்க்க மாட்டாமல் துரை மிளகுக்கொடிகளுக்குப் பின்னால் போய் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். பாச்சலூர்க்கார டிரைவர் இறங்கினார், கல்லைச் சுற்றி வந்தார், மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"சோலி ஆகாது பாய். நம்பர் போட்டுக் கெடக்கு."

"என்ன நம்பர்லே?"

"சிவப்புல வட்டம் போட்டு எழுதிருக்கு. கவர்மெண்டு நம்பர். ரோட்டுப் புளியமரத்துல நம்பர் போட்டா தொடுவோமா? என் வண்டியப் பிடிச்சுட்டுப் போயிருவாங்க."

"ஏலே, அது என் கடை நெயில் பாலிஷ்லே!"

"கவர்மெண்டு எந்தக் கடையில வாங்குனா எனக்கென்ன பாய்?"

பாய் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா, அது துரை போட்ட நம்பர்தானே?"

"துரை போட்டதுதான் பாய். ஆனா போட்டா போட்டதுதான். என் தயிர்ச்சட்டியே இன்னும் வெளிய வரல."

"பாத்தீங்களா!" என்று டிரைவர் வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். பாய் குள்ளர் வீட்டுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்து, "ஏலே நில்லுலே!" என்று கத்தினார்.

காதைப் பொத்தியும் கேட்ட ஜேசிபி சத்தம் தூரமாகப் போகவே துரை ஓடி வந்தார். கற்கள் நிற்கின்றன. முன்னால் பாய் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். வண்டி ஓடுகிறது. பாயே வழிமறித்து வண்டியை விரட்டிவிட்டார் என்பதைத் தவிர அவருக்கு வேறென்ன தோன்றும்? பாயை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். வாயில் வந்ததெல்லாம் ஜெர்மன். தாடிக்குள் மாட்டிக்கொண்ட பாய் என்னை எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா சொல்றாரு?"

எனக்கு மட்டும் ஜெர்மன் தெரியுமா? "உங்களை மாதிரி நல்ல மனுசன் உலகத்துல இல்லைங்கறாரு பாய்" என்று அடித்துவிட்டேன்.

நம்பருக்குப் பயப்படாத டிரைவர்கள் திண்டுக்கல்லில் எத்தனையோ பேர். பாய் யாரையும் கூப்பிடவில்லை. என்ன பாய் ஆச்சு என்று கேட்டேன்.

"அட போப்பா! என் சொந்த மச்சான்கூட என்னைய நல்ல மனுசன்னு சொன்னதில்ல. இந்த ஆளு கட்டிப்பிடிச்சு அழுதுட்டாரு. இனி அதுல கைய வச்சா நான் மனுசனா?"

களம் பள்ளத்துக்குப் போனது. அங்கே மத்தியானத்துக்கு மேல்தான் வெயில் விழும். துரைக்கு மூட்டு வலி முற்றி ஊருக்குத் திரும்பிய நாள்வரை, அன்று நடந்ததை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. பாய் சொல்ல விடவில்லை.

இப்போதும் ஆடலூர் போனால் பாய் காப்பி கொடுத்துவிட்டு முதலில் கேட்பது இதுதான். "ஏப்பா, துரை திரும்பி வருவாராமா?"

"தெரியலையே பாய்" என்பேன்.

வந்தால் தேவலை என்று எனக்கும்தான் இருக்கிறது.