செல்போனுக்குச் சுத்திப் போட்டவ

நான் ஒரு செல்போனுக்குத் திருஷ்டி கழிச்சவ. வெளியில சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா சென்னை வரைக்கும் தெரிஞ்சுபோன பிறகு நான் மட்டும் மறைச்சு என்ன ஆகப்போகுது?

பெரம்பலூர் பக்கம் எங்க ஊரு. சின்ன வெங்காயம் நல்லா விளையும். நான் உருட்டிக் காயவெச்ச வெங்காய வடகத்தை என் மருமக கவிதா போன்ல படம் போட்டு விக்கிறா. வாங்கறவங்க அனேகமா சென்னைக்காரங்கதான். (படம் அவளோடது, ருசி என்னோடது. இதைத் தெளிவாச் சொல்லிடணும்.)

அந்த யாவாரத்துல தலையும் புரியல, வாலும் புரியல. ஒரு வாரம் பொட்டலம் கட்டிக் கட்டியே இடுப்பு விட்டுப்போகும். அடுத்த வாரம் போன் செத்த மாதிரி கிடக்கும். அதே வடகம், அதே விலை, அதே கை.

ஒரு வருசம் ஐப்பசியில சுத்தமா நின்னுபோச்சு.

"அத்தை, இதை நம்பி இருக்க முடியாதுங்க. அரியலூர் துணிக்கடையில கூப்பிட்டிருக்காங்க, திங்கக்கிழமை போயிச் சேந்துக்கறேன். இருக்கற வடகத்தைச் சொந்தக்காரங்களுக்குக் குடுத்துடுவோம்" அப்படின்னுட்டா கவிதா.

என் வடகத்தைச் சும்மா குடுக்கறதா? யோசிச்சேன், கண்டுபுடிச்சேன். போன மாசம் ஆர்டர் குவிஞ்சப்ப எதிர்வூட்டு ராசாத்தி வந்து, "ஏயப்பா, வூடு பூரா பொட்டலமா இருக்கே!"ன்னு வாயப் பொளந்தா பாருங்க, அந்தக் கண்ணுதான். அது நேரா ஆர்டர் வர்ற போன் மேல பட்டுடுச்சு! (மூணாங்கிளாஸ் தாண்டாத மூளை. அதுக்கு மேல ஓடாது.)

கவிதா பழைய ஆர்டரைப் பாத்துக்கிட்டிருந்தவ, போனை அப்படியே வெச்சுட்டுக் குளிக்கப் போனா. நான் அதைச் சொம்பு மேல சாய்ச்சு, மஞ்சளைத் தடவி, இஷ்டத்துக்குக் குங்குமப் பொட்டு வெச்சேன். கல்லுப்பும் மொளகாயும் எடுத்து, "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, ராசாத்தி கண்ணு"ன்னு சுத்துனேன்.

"ஐயோ, யாருங்க நீங்க? என் மூஞ்சிக்கு எதுக்கு மொளகா சுத்தறீங்க?"

போனுக்குள்ள ஒரு பொண்ணு! மஞ்சளுக்கு நடுவுல முழிக்கிறா. சாமியே வந்துடுச்சுன்னு மொளகாயும் கையுமா கும்பிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, பொட்டு வெச்ச வெரலு சென்னைக்கு வீடியோ கால் போட்டிருக்கு. எங்ககிட்ட வடகம் வாங்குன பொண்ணாம்.

மானம் போனது போச்சு, கேட்டுடுவோம்னு கேட்டேன்: "ஏன் கண்ணு, இப்பல்லாம் வாங்கறதில்ல? வடகம் நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கும்மா. மழை பேஞ்சாதான் எனக்கு வத்தக்குழம்பு வெக்கத் தோணும், உடனே ஆர்டர் போடுவேன். இந்த ஐப்பசியில இங்க மழையே இல்ல, ஒரே வெயிலு."

நான் பாட்டுக்கு எங்க ஊரு வானத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். யாவாரம் அவங்க ஊரு வானத்துல இருந்திருக்கு!

ஈரத்தலையோட வந்த கவிதா போனைப் பாத்து அலறுனா. அலறி முடிக்கட்டும்னு இருந்துட்டு விஷயத்தைச் சொன்னேன். நம்பல. பழைய ஆர்டர் ஒண்ணொண்ணா எடுத்து, அன்னிக்குச் சென்னையில மழையான்னு தேடுனா. பாக்கப் பாக்க மூஞ்சி மாறுச்சு.

"அத்தை... முக்காவாசி மழை நாளுங்க!"

ஞாயித்துக்கிழமை டிவியில சென்னைக்கு மழைன்னாங்க. உடனே வடகப் படத்தைப் போட்டா. சாயங்காலத்துக்குள்ள போன் விடாம கத்துச்சு. திங்கக்கிழமை அரியலூருக்கு யாரும் போகல. பெரம்பலூருக்குத்தான் போனா, மூட்டையோட, கூரியர் ஆபீசுக்கு.

இப்பவும் டிவியில "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு"ன்னா, "யம்மா, ஒன் முதலாளி வந்துட்டாரு!"ன்னு என் மவன் கத்துவான். அந்த நேரம் வூட்டுக்குப் புதுசா வந்தவங்க யாராச்சும் இருந்தா, மடிச்சுக் கட்டுன வேட்டிய அவுத்துவிட்டுக்கிட்டு எந்திரிச்சு நிப்பாங்க.