ஏழு பத்துச் சவரம்

ஸ்டேஷன் மாஸ்டரின் இரண்டு கன்னத்திலும் நுரையைப் பரப்பி முடித்த சலூன்காரர், கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். நேற்றும் அப்படித்தான் முடிவு செய்திருந்தார்.

"சார்..."

"சொல்லுங்க தம்பி," என்று நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமைலேருந்து பத்து நாளைக்கு..."

"ம்?"

"...வெயில் கடுமையா இருக்கும்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

"போடுவான், போடுவான். அவனுக்கென்ன, நிழல்ல உக்காந்து போடுவான்."

அவ்வளவுதான். பத்து நாள் கடை பூட்டியிருக்கும், நானும் என் வீட்டுக்காரியும் கடலுக்கு நடுவில் ஒரு தீவுக்குப் போகிறோம் என்று சொல்ல வேண்டிய செய்தி, நாக்கு நுனிவரை வந்து வெயிலாக மாறிப் போய்விட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு பத்துக்கு இந்தக் கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கடையில் அன்றைய முதல் சவரம் அவருக்குத்தான். அவருக்கு முன்னால் மந்திரியே வந்து உட்கார்ந்தாலும் சலூன்காரர், "கொஞ்சம் பேப்பர் படிச்சிட்டிருங்க," என்றுதான் சொல்வார். வார விடுமுறை நாளிலும் அவர் ஒருவருக்காக ஷட்டரைப் பாதி தூக்கி வைப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்பு சலூன்காரருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. கடைக்கு மேலேதான் வீடு. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் இருபத்தைந்து நிமிடம் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி நடந்தார். அந்த முதுகைப் பார்த்த அன்றே சலூன்காரர், உடம்பில் உயிர் இருக்கிறவரை கடையை மூடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார். நல்லவர்களுக்கு வருகிற தொல்லைகளில் பாதி இப்படி ஜன்னல் வழியாகப் பார்ப்பதால் வருகிறது.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு மாடியேறியதும் மனைவி கேட்டார், "சொல்லிட்டீங்களா?"

"சொல்ற இடத்துக்கு வந்துட்டேன்."

"வந்து?"

"திரும்பிட்டேன்."

மனைவியின் தலையில் அகல விளிம்பு வைத்த ஒரு தொப்பி இருந்தது. தீவுப் பயணத்துக்கென்று மகள் டிக்கெட்டோடு சேர்த்து அனுப்பியது. பழகிக்கொள்வதற்காக ஒரு வாரமாகப் பாத்திரம் கழுவும்போதும் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க. இருபத்தேழு வருஷமா நான் உங்க கடைக் கண்ணாடியைத்தான் பாத்துட்டிருக்கேன். அதுல எங்க நின்னு பாத்தாலும் பின்னாடி செவுருதான் தெரியுது. ஒரு தடவை, செவுரே இல்லாத ஒண்ணைப் பாக்கணும். கடலைப் பாக்காமலே நான் கண்ணை மூடிடுவேன்னு வச்சுக்குங்க..."

"சேச்சே, என்ன பேச்சு இது! நாளைக்குச் சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு மாத்து ஏற்பாடு பண்ணிட்டா மனசு நிம்மதியா இருக்கும்."

மாற்று ஏற்பாடு தெருமுனையில் இருந்தது. புதிதாக வந்த குளிர்சாதன சலூன். அதன் முதலாளி முப்பது வயதுக்காரர், உற்சாகமானவர். சலூன்காரர் அவரிடம் போய், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பா மாதிரி நின்றார்.

"பத்தே நாள்தான் தம்பி. தண்ணி நல்ல சூடா இருக்கணும். பாட்டு வைக்கக் கூடாது. வலது காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கு, அதைச் சுத்திக்கிட்டுப் போகணும். பேச்சு குடுத்தா பதில் சொல்லணும், ஆனா நீங்களா பேசக் கூடாது."

"கவலையே படாதீங்கண்ணே! இன்னைக்கே அவரைப் பாத்துப் பேசிடறேன்."

"வேண்டாம், நான் இன்னும் அவருகிட்ட..."

உற்சாகமானவர்கள் பாதி வாக்கியத்துக்கு மேல் கேட்பதில்லை. அன்று மாலையே அவர் ஸ்டேஷன் மாஸ்டரை நடுத்தெருவில் மறித்து, "சார், இனிமே நம்ம கடைக்கு வந்துடுங்க, ராஜா மாதிரி கவனிச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஏழு பத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டர் சிவந்த முகத்தோடு வந்தார்.

"தம்பி, உங்க வாடிக்கையைத் திருடப் பாக்கறான் அந்த முனைக் கடைக்காரன்! யார்கிட்ட? எங்கிட்டயே! மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். 'என் தாடை இருக்கிறவரைக்கும் அது ஒரே கடைக்குத்தான் போகும்'னு."

"அதுக்கில்ல சார், அவர் நல்ல மனுஷன்தான்..."

"உங்களுக்கு எல்லாரும் நல்ல மனுஷன்தான். அதான் பயமா இருக்கு. நான் இருக்கேன். நீங்க தைரியமா இருங்க."

சலூன்காரர் தைரியமாக நுரையைக் குழைத்தார்.

அடுத்ததாக அவருக்கு மின்சார ஷேவர் யோசனை வந்தது. நல்லதாகப் பார்த்து ஒன்று வாங்கிவந்து, சவரம் முடிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுத்தார்.

"வச்சுக்குங்க சார். வீட்டுலயே பண்ணிக்கலாம். வெயில்ல நடந்து கடைக்கு வரணும்னே இல்ல."

ஸ்டேஷன் மாஸ்டர் ஷேவரைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். காலியாகக் கிடந்த இன்னொரு நாற்காலியைப் பார்த்தார். பிறகு சலூன்காரரின் முகத்தை நிறைய நேரம் பார்த்தார். ஷேவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் தனியாக வரவில்லை. பின்னால் மூன்று பெரியவர்கள் வரிசையில் வந்தார்கள். ஒருவர் பழைய ரயில் கார்டு, ஒருவர் டிக்கெட் பரிசோதகர், ஒருவர் பார்சல் ஆபீஸில் இருந்தவர். மூவரும் இரண்டு நாள் தாடியோடு, கடமை உணர்ச்சியோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"வியாபாரம் மந்தம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா தம்பி? கடையை மூடிடலாம்னு நெனைக்கிற அளவுக்குப் போயிட்டீங்களே! இனிமே நாங்க நாலு பேரும் தெனமும் வருவோம். மழையோ வெயிலோ."

"கார்டு கொடி காட்டின வண்டி நிக்காது," என்றார் பழைய கார்டு, தாடையைத் தடவிக்கொண்டு.

மாடியில் மனைவி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "ஒரு தாடையை விட்டுட்டு வாங்கன்னா, நாலு தாடையைச் சேத்துக்கிட்டு வந்து நிக்கறீங்களே!"

"மனசார வர்றாங்கம்மா. எப்படி வேணாம்னு சொல்றது?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. கட்டு சொல்லும். கை பெசகிடுச்சு, டாக்டர் பத்து நாள் கத்தி பிடிக்கக் கூடாதுன்னாருன்னு சொல்லுங்க."

"பொய்யா?"

"பத்து நாள் ஓய்வுங்கறது நெசம்தானே? பாதிக்குப் பாதி. ஆண்டவனுக்கு இதெல்லாம் கணக்கே இல்ல."

மறுநாள் காலை சலூன்காரர் ஆண்டவனிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். எதிரே உட்கார்ந்து மனைவி பழைய வேட்டியைக் கிழித்துப் பெரிதாக ஒரு கட்டுப் போட்டார். கீழே வந்து கடைக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் சலூன்காரருக்குப் புரிந்தது, எதிரில் உட்கார்ந்த மனைவி தன் வலப்பக்கத்தைப் பார்த்து அவருடைய இடது கையில் கட்டிவிட்டார் என்று. மாற்றிக் கட்ட நேரமில்லை. வாசலில் ஏழு பத்து நின்றுகொண்டிருந்தது.

"ஐயையோ! என்ன தம்பி இது?"

"பெசகிடுச்சு சார். பத்து நாள் கத்தி பிடிக்கக் கூடாதாம்."

"எடது கைதானே? நீங்க கத்தி பிடிக்கறது வலது கையில."

சலூன்காரருக்கு வியர்த்தது. பொய்க்குப் பழகாதவர்களுக்கும் ஆபத்துக் காலத்தில் ஒரு வாக்கியம் வந்து கைகொடுக்கும். "தாடையைப் பிடிக்கறது எடது கை சார். பிடிமானம் இல்லாம கத்தி நிக்காது."

பழைய கார்டு அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினார். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டார்.

"பத்து நாளா?"

"பத்து நாள் சார்."

"நிச்சயமா? நடுவுல ஒரு நாள், ரெண்டு நாள்ல சரியாயிடாதே?"

"ஆகாதுங்க. வெள்ளிக்கிழமைலேருந்து பத்து நாள் கடையையே பூட்டிடறேன்."

ஸ்டேஷன் மாஸ்டரின் கண் கலங்கியது. கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்தினார். கை உண்மையிலேயே பிசகியிருந்தால் உயிர் போயிருக்கும்.

"நல்லா ஓய்வெடுங்க தம்பி. அவசரப்படாதீங்க. என்னைப் பத்தி... என்னைப் பத்தி நெனைக்கவே நெனைக்காதீங்க."

சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். கிட்டத்தட்ட ஓடினார் என்றே சொல்ல வேண்டும். தினமும் இடப்பக்கம் திரும்பிப் பூங்காவுக்குப் போகிறவர், அன்று வலப்பக்கம் திரும்பிக் கடைத்தெருவுக்குள் மறைந்தார். பாவம், வழிகூடத் தெரியவில்லை என்று சலூன்காரர் நினைத்துக்கொண்டார். மற்ற மூன்று பேரும் கொஞ்ச நேரம் பெஞ்சில் இருந்துவிட்டு, முனை சலூனில் குளிர்ச்சியாக இருக்குமே என்று எழுந்து போனார்கள்.

அடுத்த நாள் ஏழு பத்துக்கு யாரும் வரவில்லை. சலூன்காரர் ஏழே காலுக்கு வாசலைப் பார்த்தார். ஏழரைக்குப் பார்த்தார். எட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு, ஒரு பிளாஸ்க்கில் சூடான பாலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு நடந்தார். கதவு பூட்டியிருந்தது. மறுநாளும் போனார். அன்றும் பூட்டு. சவரம் இல்லாமல், போக இடம் இல்லாமல், வயதான மனிதர் எங்கே அலைகிறாரோ!

பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி நடந்தார்.

வியாழக்கிழமை காலை மாடியில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மனைவி அதன்மேல் உட்கார்ந்து பூட்டை அழுத்திக்கொண்டிருந்தார். சலூன்காரர் வாசற்படியிலேயே நின்றார்.

"ஏம்மா... ஒரு மனுஷன் மனசை ஒடிச்சுப் போட்டுட்டு அங்க போய் நான் எப்படிக் கடலைப் பாக்கறது?"

மனைவி சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சண்டை போடவில்லை. தொப்பியைக் கழற்றினார். விளிம்பு மடங்காமல் பெட்டிமேல் வைத்தார்.

"தனி ஆளு அவர். அதுவும் சரிதான்," என்றார். "போய் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு வாங்க. கடல் எங்கயும் போயிடாது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது.

மகள் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்திருந்த, கடைத்தெரு டிராவல்ஸ் ஆபீஸில் ஒரு பெண் மட்டும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சலூன்காரர் டிக்கெட்டை எடுத்து அவள் முன்னால் வைத்து, ரத்து செய்யச் சொன்னார்.

"ரத்தா? நாளைக்குப் பயணத்தை வச்சுக்கிட்டு இன்னைக்கா சார்?" அவள் திரையைப் பார்த்தாள். "அடடா, அந்தப் பெரியவர் ரொம்ப வருத்தப்படுவாரே."

"எந்தப் பெரியவர்?"

"உங்க வரிசையிலயே மூணாவது சீட்டு எடுத்தவர். மூணு நாள் முன்னாடி காலைல, நான் கதவைத் திறக்கறதுக்குள்ள வந்து நின்னுட்டார். அதே தீவு, அதே பத்து நாள். பக்கத்துல யாரும்மான்னு கேட்டார். ஒரு புருஷன் பொண்டாட்டின்னு சொன்னேன். பேச்சுத்துணை ஆச்சுன்னு அப்படி ஒரு சந்தோஷம்."

சலூன்காரர் மேசைப் பக்கம் சாய்ந்தார். "என்ன வயசிருக்கும்?"

"எழுபது இருக்கும். ரயில்வேல இருந்தவராம். எங்க விமான நேரப் பட்டியல்ல ரெண்டு தப்பு கண்டுபிடிச்சு, பேனாவால திருத்திக் குடுத்துட்டுப் போனார். ரெண்டு நாளா பெட்டி, செருப்பு, கறுப்புக் கண்ணாடின்னு வாங்கிக்கிட்டு இந்தப் பக்கமேதான் சுத்தறார்."

சலூன்காரர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையைத் தன்னை அறியாமல் மேசைக்குக் கீழே மறைத்தார்.

"அவரு... அவரு ஊரைவிட்டு ஒரு நாள்கூட நகராத மனுஷராச்சேம்மா!"

"நகரணும்னு ஆசைதான் சார் அவருக்கு. ஆனா ஒரு நாள் காலைல முகத்தைக் கொண்டுபோய் நீட்டலைன்னா அவரோட சலூன்காரர், பாவம், தாங்க மாட்டாராம். பதினோரு வருஷத்துல இப்பத்தான் அவருக்கு லீவு கெடச்சிருக்காம்!"