சாயவே சாயாத வேலி

எங்கள் கொல்லைப்புற வேலி சாயவில்லை என்று ஒரு வருஷமாகச் சாதித்து வந்தவன் நான். ஊரே பார்த்தாலும் எனக்கு மட்டும் அது நேராகத்தான் தெரிந்தது. தெரிய வேண்டியிருந்தது.

நாங்கள் குடியேறிய வெளிநாட்டுப் புறநகரான கிரவீனில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு சச்சிதானந்தன் அண்ணனுக்கும் பொதுவான மரவேலி அது. நான் சம்மதிக்காமல் அவரால் கை வைக்க முடியாது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற இன்ஜினீயர். செய்ய வேலையில்லாத இன்ஜினீயர் பக்கத்து வீட்டில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

"தம்பி, வேலி நல்லாச் சரிஞ்சு போச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து சனி, ஞாயிறுகளிலை குழி தோண்டிப் புதுசா நட்டிடுவம்" என்பார்.

"வேலி நேரா இருக்கு அண்ணே. பூமிதான் கொஞ்சம் சாய்வு" என்பேன்.

வாரம் முழுக்கப் பரமட்டா ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருகிறேன். சனி, ஞாயிறாவது சோபாவில் படுத்துப் போன் பார்க்க வேண்டாமா? வாரக் கடைசியில் குழி தோண்ட நான் என்ன இந்த ஊரில் வளை தோண்டித் திரியும் வாம்பட் பிராணியா?

அந்தச் சுகத்துக்குத்தான் வேட்டு வைத்தார் கண் டாக்டர். "திரை பார்ப்பதைக் குறையுங்கள்" என்றார், என் மனைவி கிரிஜாவை வைத்துக்கொண்டே. காரில் ஏறியதும் அவள் ஆரம்பித்தாள்.

"போனைக் கீழ வச்சாச்சுன்னா ரெண்டு கையும் சும்மாத்தானே இருக்கும்? வேலியைப் பாருங்க."

ஆபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் செய்வது ஞாபகம் வந்தது.

"கை சும்மா இருக்காது. நான் ஆர்ட் ஜர்னலிங் பண்ணப்போறேன்."

"அப்படின்னா?"

"கண்ணுல படறதை ஒரு நோட்டுல வரையணும். கலர் அடிக்கணும். பக்கத்துல ரெண்டு வரி எழுதணும். கண்ணுக்கும் மனசுக்கும் ஓய்வு. அந்த நேரத்துல யாரும் வேலை சொல்லக்கூடாது. அது ரொம்ப முக்கியம்."

"சரி, பண்ணுங்க."

இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் கிரிஜா மறுபேச்சில்லாமல் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

அந்தச் சனிக்கிழமையே தடித்த நோட்டு, வண்ணப்பெட்டி, தூரிகை எல்லாம் வாங்கி வைத்துவிட்டாள். கொல்லையில் நாற்காலியும் போட்டாள். "இங்க உக்காருங்க. வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள். காபி வந்தது. முறுக்கு வந்தது. எதிரே வேலி.

முதல் வாரம் வேலிமேல் உட்கார்ந்திருந்த மேக்பை பறவையை வரைந்தேன். "கோழி நல்லா வந்திருக்கு" என்றாள் கிரிஜா. அடுத்த வாரம் ரோஜாச் செடி. அது ரோஜாச் செடி மாதிரியே இருந்தது.

ஏமாற்றத் தொடங்கியவனுக்கு உண்மையிலேயே பிடித்துப்போனதுதான் வேடிக்கை. பழுப்பு என்று நான் நினைத்திருந்த பலகை, உற்றுப் பார்த்தால் சாம்பல் நிறம். அடியில் பாசிப் பச்சை. நிழல் விழும் இடத்தில் லேசான ஊதா. கண் எரிச்சல் போயிற்று. போன் எங்கே வைத்தேன் என்பதே மறந்து போயிற்று. ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியில்தான் மூன்றாவது வாரம் முழு வேலியையும் வரைந்தேன். ஒரு பலகை விடவில்லை, ஓர் ஆணி விடவில்லை.

கிரிஜா அசந்துபோனாள். "எவ்வளவு அழகா இருக்கு! இதுல கற்பனை எவ்வளவு, நிஜம் எவ்வளவு?"

"கற்பனையா? பொட்டுக்கூட கிடையாது. அச்சு அசல்."

"நிச்சயமா?"

"கோர்ட்டுல வேணா கொண்டுபோய்க் காட்டு."

அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் காட்டினாள்.

சச்சி அண்ணனின் தலை மேலே எழுந்தது. "தம்பி, வடிவாக் கீறியிருக்கிறீர்! நிலம் எவ்வளவு நேரா இருக்கு, தூண் எவ்வளவு சரிஞ்சிருக்கு எண்டு அப்பிடியே தெரியுது."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

"அது... கலைஞனோட பார்வை அண்ணே."

"அச்சு அசல்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றாள் கிரிஜா.

"அவசரத்துல கை கோணிப்போச்சு. அடுத்த வாரம் சரியா வரையறேன். அப்புறம் பேசலாம்."

அடுத்த சனிக்கிழமை ஸ்கேலோடு உட்கார்ந்தேன். தூண்களை அணிவகுப்புச் சிப்பாய்கள் மாதிரி விறைப்பாக நிறுத்தினேன். எண்கள் இருந்தால் எந்தப் பொய்யையும் நம்புவார்கள் என்பது ஆபீஸில் கற்ற பாடம். எனவே டேப்பை எடுத்து உயரம், நீளம், தூணுக்குத் தூண் இடைவெளி எல்லாம் அளந்து ஓரத்தில் குறித்தேன். இதற்கு மேல் எவன் வேலி சாய்ந்தது என்பான்?

கிரிஜா படத்தை நெடுநேரம் பார்த்தாள். நேராக வேலியோரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சச்சி அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"தம்பி, சம்மதம் எண்டு வாயாலை சொல்லியிருந்தாலே காணும். நீர் புது வேலிக்குப் பிளானே கீறித் தந்திட்டீர்! அளவெல்லாம் கிடக்கு. நான் இப்பவே போய்ப் பலகை ஏத்திக்கொண்டு வாறன்."

"அண்ணே, அது பிளான் இல்ல, அது வந்து..."

"வெக்கப்படாதையும். எங்கடை மற்றப் பக்க வேலியும் சரிஞ்சுதான் நிக்குது. அதையும் ஒருக்கா உப்பிடிக் கீறித் தருவீரோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கையில் மண்வெட்டியைத் திணித்தபடி கிரிஜா சொன்னாள்:

"அதுக்கென்ன அண்ணா, இது முடிஞ்சதும் இவரை உங்க பக்கம் உக்கார வச்சுடறேன்."