கட்டிலுக்கு அடியில் ஒரு கிணறு

இதை எங்கே ஆரம்பிப்பது என்பதிலேயே தையல்காரிக்குப் பயம். கட்டிலிலிருந்து ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் வேறு ஏதோ சங்கதி என்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். கிணற்றிலிருந்து ஆரம்பித்தால் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அலறியடித்து ஓடி வருவார்கள். பாபினிலிருந்து ஆரம்பித்தால் வம்பில்லை.

அன்று காலை தையல் மிஷினிலிருந்து நூல் சுற்றிய பாபின் ஒன்று தவறி விழுந்தது. உருண்டது. கட்டிலுக்கு அடியில் போனது. அங்கே இரண்டு தரைக்கல்லுக்கு நடுவே இரண்டு விரல் அகலத்தில் ஒரு விரிசல். அதற்குள் இறங்கிவிட்டது. அவள் குனிந்து கையை நீட்டுவதற்குள் எங்கேயோ அடியாழத்திலிருந்து 'டுபுக்' என்று ஒரு சத்தம்.

ஒரு பொத்தானைப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் 'டுபுக்'.

"ஏங்க! சீக்கிரம் வாங்க! நம்ம கட்டிலுக்குக் கீழ தண்ணி இருக்கு!"

வாய் நிறைய பற்பசை நுரையோடு வந்தார் வீட்டுக்காரர். கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். 'எந்தப் பூட்டும் அரை நிமிடத்தில் திறக்கப்படும்' என்று போர்டே மாட்டியிருக்கிறார்.

"பைப் ஒழுகும்."

"பைப் ஒழுகினா டுபுக்குன்னா கேக்கும்?"

கட்டிலை நகர்த்தினார்கள். அவர் கடப்பாரையால் கல்லை நெம்பினார். கல் புரண்டது. கீழே வட்டமாக ஒரு கறுப்பு வாய். சில்லென்று ஒரு மூச்சு அவள் முகத்தில் அடித்தது.

கிணறு! பதினோரு வருஷமாக அதன் மேல்தான் படுத்துப் புரண்டிருக்கிறார்கள். இவர் விட்ட குறட்டைக்கு அந்தக் கல் எப்படித்தான் தாக்குப்பிடித்ததோ!

அவரைப் பார்த்தாள். அவர் முகம் அவள் முகத்தைவிட வெளிறியிருந்தது.

"அப்ப கீழ நிஜமாவே தண்ணியா? ஐயையோ, எல்லாம் மிதக்குமே!"

"என்னது மிதக்கும்?"

"அது... புதையல்."

"புதையல் மிதக்குமா?"

"உனக்கு என்ன தெரியும்? இந்தா பாரு, ஒரு ஆளுக்கும் மூச்சு விடாதே. நானே இறங்கறேன்."

குடிக்கிற தண்ணீரைக்கூட உட்கார்ந்த இடத்தில் கேட்கிற மனுஷன், கிணற்றில் இறங்குகிறாராம்! மூடிக் கிடந்த கிணற்றில் விஷக்காற்று இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வாளியில் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துக் கயிறு கட்டி இறக்கினாள். பாதி தூரம் போவதற்குள் பொசுக்கென்று அணைந்தது. இன்னொரு தடவை இறக்கினாள். அதே இடத்தில் அணைந்தது.

"பாத்தீங்களா? உள்ள நல்ல காத்து இல்ல."

"மட்டமான மெழுகுவத்தி."

"இறங்கினா செத்துப் போயிடுவீங்க!"

"மூச்சை அடக்கிக்கிட்டு இறங்குவேன்."

"மாடிப்படி ஏற மூணு தடவை நின்னு மூச்சு வாங்குற ஆளு நீங்க! சரி, எந்தக் கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கப் போறீங்க?"

"துணி காயப்போடற கொடி."

"என் பாவாடை கனத்துக்கே போன வாரம் அறுந்து விழுந்த கொடிங்க அது!"

"அப்ப புதுக் கயிறு வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் கிணத்துக்கிட்ட போகாதே, எட்டிப் பாக்காதே, யாரையும் கூப்பிடாதே." சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அவள் சுவரோரம் உட்கார்ந்து யோசித்தாள். அழுதால் கேட்க மாட்டார். சண்டை போட்டால் வேகமாக இறங்குவார். கீழே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் அவர் இறங்கத் தேவையே இருக்காது.

அவருடைய போன் சார்ஜில் கிடந்தது. பூட்டுக்காரர் போனுக்குப் பூட்டே கிடையாது. பொத்தான் போடும் கண்ணாடி டப்பாவைக் கவிழ்த்துக் காலி செய்தாள். போனில் டார்ச்சையும் வீடியோவையும் போட்டு, கேமரா கீழே பார்க்கும்படி டப்பாவில் வைத்து, ஆடாமல் இருக்கத் துணி அடைத்து மூடினாள். வாளி இறக்கிய மெல்லிய நைலான் கயிற்றில் கட்டினாள். குழியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிக் குப்புறப் படுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கினாள். பிறகு அதே மாதிரி மெல்ல இழுத்தாள்.

படத்தைப் போட்டுப் பார்த்தாள். பாசி பிடித்த சுவர். ஒரு தவளை. கறுப்புத் தண்ணீர். அதன் மேல் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது. இந்த இருட்டில் என்ன பூ? விரலால் பெரிதாக்கினாள்.

சாக்லேட் தாள்!

ஒன்றா, இரண்டா? தண்ணீரே தெரியாத அளவுக்கு. நடுநடுவே அட்டை அட்டையாக மாத்திரை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. எட்டு மாதமாக அவர் தினமும், "இதோ பார், போட்டுக்கிட்டேன்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு காட்டிய சர்க்கரை மாத்திரை.

சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் முன்னால் அவளல்லவா தலைகுனிந்து நின்றாள்! தன் சமையலில்தான் கோளாறு என்று அழுதாள். புருஷன் எதிரில் இனிப்பாகக் குடிக்க மனசு வராமல் தன் டீயிலும் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். எட்டு மாதம் அந்தக் கசப்பு!

தடிமனான கயிற்றோடு அவர் வந்து சேர்ந்தார். இடுப்பில் சுற்ற ஆரம்பித்தார்.

"தாராளமா இறங்குங்க. அதுக்கு முன்னாடி உங்க புதையலைப் பாத்துட்டு இறங்குங்க." போனை நீட்டினாள்.

பார்த்தார். கயிறு கையிலிருந்து நழுவியது.

"இது... ராஜா காலத்துக் கிணறு போலிருக்கு."

"ராஜா காலத்துல சாக்லேட் வித்தாங்களா?"

"முன்னாடி குடியிருந்தவங்க..."

"அவங்களும் உங்க சர்க்கரை மாத்திரையைத்தான் வாங்கினாங்களா?"

அவர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஏதோ சும்மா ஒரு ஓட்டைன்னுதானே போட்டேன். கீழ கிணறு இருக்கும்னு நான் என்ன கனவா கண்டேன்? வேற ஆளு இறங்கினா வாரி வெளிய கொட்டிடுவானே!"

"அந்தத் தாளை மறைக்கவா உயிரை விடப் பாத்தீங்க?" என்றாள்.

அவர் மெல்ல எழுந்தார். "விடு. ஒரு இரும்பு மூடி போடறேன். நல்ல பூட்டா ஒண்ணு நானே போட்டுடறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கடை போர்டு ஞாபகம் வந்தது. அரை நிமிடம்.

மத்தியானமே வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டி வந்துவிட்டாள். கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். பட்டறைக்காரர் இரும்புச் சட்டத்தைத் தரையில் புதைத்து, கனமான தகட்டை அதன் மேல் வைத்து, பொறி பறக்கச் சுற்றிலும் பற்றவைத்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

"காத்து போக நாலு ஓட்டை போடணும்மா. எவ்வளவு பெரிசா போடட்டும்?"

தையல்காரி மிஷினிலிருந்து ஊசியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இது நுழையணும். மாத்திரை நுழையக் கூடாது."